ஏழு புள்ளிகள்

போன மே மாதம் அக்கா மகள் கொடுமுடிக்கு வந்து பத்து நாள் தங்கினாள். கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே தவணையில் வாங்கிய கேமிங் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியதும் ஆசாரத்தில் உட்கார்ந்து 'சைபர்பங்க் 2077' விளையாடுவாள். நான் விடைத்தாள் கட்டோடு பக்கத்தில் இருப்பேன். மூன்றாம் நாள் கன்ட்ரோலரை என் கையில் வைத்தாள். "நீங்க ஒருக்கா ஆடிப் பாருங்க சின்னம்மா. உங்களுக்குப் புதுசா ஒரு ஆளை உண்டாக்கலாம்" என்றாள்.

போலந்து நாட்டு நிறுவனமான சிடி ப்ரொஜெக்ட் ரெட் 2020 டிசம்பரில் வெளியிட்ட விளையாட்டு அது. அமெரிக்கக் கறுப்பினப் படைப்பாளி மைக் பாண்ட்ஸ்மித் 1988இல் தாளும் பகடையும் கொண்டு ஆட உருவாக்கிய விளையாட்டிலிருந்து கிளைத்தது. கலிஃபோர்னியாவில் 'நைட் சிட்டி' என்ற கற்பனை நகரம், 2077ஆம் வருடம். பெருநிறுவனங்களே அரசாங்கம், உடலுக்குள் இயந்திர உறுப்புகளைப் பொருத்திக்கொள்வது அங்கே காது குத்துவதைப் போலச் சாதாரணம். நாம் ஆடும் பாத்திரத்தின் பெயர் 'வி'. அவளை உண்டாக்குவது நம் வேலை. உடலைத் தேர்ந்தெடுக்கலாம், குரலைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். நாடோடியாகப் பிறந்தவளா, தெருவில் வளர்ந்தவளா, நிறுவனத்து உத்தியோகக்காரியா என்பதையும் நாமே முடிவு செய்யலாம். கடைசியில் ஐந்து குணங்கள் வருகின்றன: உடல் வலு, அனிச்சை வேகம், தொழில்நுட்பத் திறன், அறிவு, 'கூல்'. கூல் என்றால் நம்மூர்ப் பேச்சில் அலட்டிக்கொள்ளாமை. ஒவ்வொன்றும் 3இல் தொடங்குகிறது. நம் கையில் 7 புள்ளிகள் தருகிறார்கள். வேண்டிய இடத்தில் வைக்கலாம்.

நான் ஐந்துக்கும் ஆளுக்கொன்றாக வைத்தேன். மீதமிருந்த இரண்டை அறிவுக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கு ஒன்று என்று கொடுத்தேன். ஒறம்பரை வந்த நாளில் இருக்கிற குழம்பை எல்லா இலைக்கும் பங்கிடுகிற அதே கை. அக்கா மகள் சிரித்தாள்.

"ஏனுங் சின்னம்மா இப்படிப் பண்ணீங்க?"

"எல்லாத்துலயும் கொஞ்சங் கொஞ்சம் வேணுமல்ல கண்ணு?"

"எது வேணும்னு கேக்கலைங்க. எது ஜாலியா இருக்கும்னு கேட்டேன்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாற்பது வயதைத் தாண்டி, முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு கவிதைத் தொகுப்புகள் போட்ட பிறகும் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தடுமாற்றத்திலிருந்து தொடங்குகிறது.

புள்ளி பங்கிடுவது நமக்குப் புதிதல்ல. நான் வருடா வருடம் பாடம் நடத்தும் தொல்காப்பியத்திலேயே ஒரு குணப் பட்டியல் இருக்கிறது. ஆணுக்குப் பெருமையும் உரனும். பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம். பின்னால் வந்தவர்கள் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கினார்கள். தலைவனும் தலைவியும் எவ்வெவற்றில் ஒத்திருக்க வேண்டும் என்று மெய்ப்பாட்டியல் பத்து கூறுகளை எண்ணிச் சொல்கிறது. இலக்கண நூலை விளையாட்டின் கணக்குத் தாளோடு ஒப்பிடுவது என் ஆசிரியர்களுக்குப் பிடிக்காது. ஆனால் இரண்டும் செய்வது ஒரே வேலை. ஒரு ஆள் என்னென்ன செய்யக்கூடும் என்பதைக் கதை தொடங்கும் முன்பே தீர்மானிக்கின்றன. அச்சத்திலும் நாணத்திலும் புள்ளி குவிக்கப்பட்ட ஒருத்திக்குக் கதையில் எந்தக் கதவு திறக்கும்?

அதே இலக்கியத்தில் பெண் விளையாடியதற்கும் சான்று இருக்கிறது. ஓரை ஆடுகிறாள், கழங்கு ஆடுகிறாள், ஆற்று மணலில் வண்டல் இழைத்துப் பாவை செய்கிறாள். அப்புறம் இற்செறிப்பு. பருவம் வந்த பெண்ணை வீட்டுக்குள் வைத்துவிடுவதற்குத் துறையின் பெயரே உண்டு. சங்கப் பாடல்களில் பெண்ணின் விளையாட்டு பெரும்பாலும் முடிந்துபோன ஒன்றாகவே, தோழியோ செவிலியோ நினைத்துப் பார்க்கிற ஒன்றாகவே வருகிறது. வகுப்பில் இதை நடத்தும்போது பின்வரிசையில் யாராவது ஒருத்தி தலையைக் குனிந்துகொள்வாள். பன்னிரண்டு வயதோடு எறிபந்தை விட்டவளாக இருப்பாள்.

எங்கள் ஊருக்கு இன்னொரு கணக்குத் தாளும் தெரியும். கொடுமுடியைப் பரிகாரத் தலம் என்று அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். காவிரிக்கரையில் மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மன் என்று மூவரும் ஒரே கோயிலில். நாக தோஷம், செவ்வாய் தோஷம், கல்யாணத் தடை என்று சொல்லப்பட்ட பெண்களை வீட்டார் கூட்டிவருகிறார்கள். காவிரியில் முழுகி, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டு, வேம்பும் அரசும் பின்னி நிற்கும் இடத்துச் சாமிகளுக்கு ஊற்றுகிறார்கள். சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வளர்ந்த காட்சி. நானும் ஊற்றியிருக்கிறேன், இருபத்தாறு வயதில். ஜாதகம் என்பது பிறக்கும்போதே யாரோ நிரப்பிக் கொடுத்துவிட்ட குணப் பட்டியல். பரிகாரம் என்பது அதில் ஓரிரு புள்ளிகளை மாற்றித் தரும்படி கேட்பது. சைபர்பங்கில் குணப் புள்ளிகளைத் திரும்ப எடுத்து வேறு விதமாக வைத்துக்கொள்ள ஒரே ஒரு முறை அனுமதி உண்டு. 2023இல் வந்த பெரிய திருத்தத்தில் சேர்த்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஈரப்பாவாடையும் குடமும்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே குடம் தூக்கும் பெண்ணிடம் எதற்காக மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மாற்றம் எந்தத் திசையில் என்பது ஏற்கெனவே முடிவானது.

இந்த விளையாட்டுகளின் வம்சமும் யோக்கியமானதல்ல. பாத்திரத்துக்கு எண்களால் குணம் கொடுக்கும் முறையைப் பரப்பிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 1978ஆம் வருட விதிப் புத்தகத்தில், பெண் பாத்திரத்தின் உடல் வலுவுக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்திருந்தார்கள். நெருப்பு கக்கும் டிராகன் இருக்கலாம், இறந்தவர்களை எழுப்பும் மந்திரம் இருக்கலாம், ஆணளவு பலமுள்ள பெண் மட்டும் நம்பமுடியாதவள்! பின்னால் வந்த பதிப்பில் அந்த விதி போனது. விண்வெளிக் கதையான 'மாஸ் எஃபெக்ட்' 2007இல் வந்தபோது கதாநாயகியாகவும் ஆட முடிந்தது. ஜெனிஃபர் ஹேல் குரல் கொடுத்த அந்தப் பெண் தளபதியை ஏராளமானவர்கள் நேசித்தார்கள். ஆனால் உறையில் நின்றவன் ஆண்தான். 2012இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் அவளுக்கு உறையில் இடம் கிடைத்தது, அதுவும் தாளைத் திருப்பிப் போட்டால் தெரிகிற மறுபக்கத்தில். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் சைபர்பங்கின் கணக்கு நேர்மையானது. பெண் வி-க்கும் ஆண் வி-க்கும் எண்கள் ஒன்றே. உடல் வலுவை 20 வரை ஏற்றிய பெண், பூட்டிய கதவைக் கையால் பெயர்க்கிறாள்.

ஆனால் ஒருவர் ஐந்து குணங்களையும் 20க்கு ஏற்ற முடியாது. அவ்வளவு புள்ளிகள் கடைசிவரை கிடைக்காது. எதையாவது விட்டே ஆகவேண்டும். இங்கேதான் 'பில்டு' என்ற சொல் வருகிறது. எந்தக் குணத்தைக் கூட்டி, எதை விட்டு, எந்த ஆயுதத்தோடும் எந்த இயந்திர உறுப்போடும் சேர்த்து உன் ஆளைக் கட்டப்போகிறாய் என்பது. எந்த பில்டு பலமானது என்று கேட்டால் சொல்வதற்கு அக்காவின் மகன் தயாராக இருந்தான். நிமிடத்துக்கு எவ்வளவு சேதம் விளைவிக்கலாம் என்று போனிலேயே கணக்கு ஒப்பித்தான். அவனுடைய தங்கை அதைக் கேட்கவில்லை. அவளுடைய வி கட்டிடத்தின் ஒரு மூலையில் சுவரோரம் நின்றுகொள்வாள். கண்காணிப்புக் கேமராக்களுக்குள் புகுந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, உள்ளே காவல் நிற்கும் ஆண்களின் உடம்பிலுள்ள இயந்திரங்களைக் குழப்பிவிடுவாள். ஒருவன் கண் இருளும், ஒருவன் துப்பாக்கி மக்கர் பண்ணும். அவள் இருந்த இடத்திலேயே சிரித்துக்கொண்டிருப்பாள்.

"இதுல என்ன கண்ணு ஜாலி?" என்று கேட்டேன்.

"என்னையக் கேமரா பாக்கும்ல, ஆபீஸ்ல, ஆஸ்டல்ல, பஸ் ஸ்டாண்டுல? இங்க நான் கேமரா வழியா அவனுங்களப் பாக்கறேன்" என்றாள்.

ஆண் பார்வை பற்றி நான் முதுகலை வகுப்பில் மூன்று மணி நேரம் எடுப்பதை அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

இதையொட்டி விளையாட்டில் ஒரு வேடிக்கையான முரண் உண்டு. வி-யின் முகத்தைச் செதுக்க நாங்கள் ஒரு மணி நேரம் செலவழித்தோம். மூக்கு, புருவம், நகத்தின் நீளம்கூட. ஆடத் தொடங்கினால் அந்த முகம் கண்ணில் படாது. கதை முழுக்க அவள் கண் வழியாகவே நடக்கிறது. கண்ணாடி முன் நின்றாலோ வண்டி ஓட்டினாலோதான் அவள் தெரிகிறாள். பெண் உடலை அலங்கரித்துக் காட்சிக்கு வைப்பதே வழக்கமாயிருந்த ஒரு கலையில், அவள் பார்க்கிறவளாக மட்டும் இருப்பது சின்ன விஷயமல்ல. அதே சமயம் அவள் பார்க்கும் நகரத்தின் சுவரெல்லாம் விளம்பரப் பெண் உடல்கள். ஒருத்தி மட்டும் பார்வையிலிருந்து தப்பியிருக்கிறாள், அவ்வளவுதான்.

உடலும் குரலும் தனித்தனித் தேர்வு என்றதும் என் மனம் எங்கள் ஊர்க்காரியிடம் போயிற்று. கே.பி. சுந்தராம்பாள், 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். சிறுமியாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து மேடையில் ஆண் வேடங்களும் கட்டினார். எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்தார். கிட்டப்பா 1933இல் இறந்ததும் வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். இருபத்தைந்து வயது நடிகை ஒருத்தி அன்றைக்கு அப்படி முடிவெடுத்தால் அத்தோடு தொழில் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் அவரே நந்தனார். ஒரு லட்ச ரூபாய் சம்பளம். ஆணின் வேடம், தன்னுடைய குரல். 1953இல் 'ஔவையார்'. கிழவியின் வேடம், அதே குரல்.

அவரை விதவைக் கோலத்தின் புனிதமாகவே ஊரில் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. கிடைத்த புள்ளிகள் கொஞ்சம். அழகுக்கும் இளமைக்கும் அவர் வைக்க விரும்பவில்லை. எல்லாவற்றையும் குரலில் வைத்தார். ஜோடி தேவைப்படாத வேடங்களாகப் பார்த்து எடுத்தார். அந்தக் குரலுக்கு முன்னால் மற்ற கதவுகள் திறந்தன. சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார். துக்கத்தை நான் மறுக்கவில்லை. துக்கத்தோடு சேர்ந்தே ஒரு தேர்வும் அங்கே நடந்தது என்கிறேன்.

அவர் ஏற்ற ஔவையும் அப்படிப்பட்டவள்தான். கல்யாணப் பேச்சு எழுந்தபோது பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் என்பது கதை. காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேயுருவைக் கேட்டு வாங்கினார். தமிழ் மரபில் தன் உடலைத் தானே தேர்ந்தெடுத்த பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் இருவரும் கேட்டது யாரும் விரும்பாத உடலை. தெருவில் தொந்தரவில்லாமல் நடக்க, அரசவையில் பேச, மனம்போல் பாட, விலையாக இளமையையும் சதையையும் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய தேர்வு தப்பிப்பதற்கானது. அக்கா மகளின் கேள்விக்கு இந்த இடத்தில்தான் முழுக் கனம் வருகிறது. தப்பிப்பதற்காக அல்லாமல், வெறும் ஜாலிக்காக ஓர் உடலைத் தேர்ந்தெடுக்க நம் கதைகளில் எந்தப் பெண்ணுக்கு அனுமதி இருந்தது?

சைபர்பங்க் அந்த அனுமதியைத் தருகிறது என்று சொல்லி முடித்துவிட ஆசைதான். முடியாது.

முதலாவது, உடலையும் குரலையும் பிரித்துத் தந்த விளையாட்டு, காதல் என்று வந்ததும் மறுபடி ஒட்டிவிடுகிறது. ஜூடி என்ற பெண் வி-யைக் காதலிக்க வேண்டுமென்றால் பெண் உடலும் வேண்டும், பெண் குரலும் வேண்டும். பானம் என்பவளுக்கு ஆண் உடல் இருந்தால் போதும். வி-யை 'அவன்' என்பதா 'அவள்' என்பதா என்பதைக் குரலே தீர்மானிக்கிறது. உடலும் குரலும் வேறுவேறாக உள்ள ஒரு வி, இந்தக் கதவுகளில் சிலவற்றின் முன்னால் எத்தனை புள்ளி இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். திருநர் உடலுக்கு முகப்பில் இடம் கொடுத்துவிட்டு உள்ளே கணக்குப் பார்க்கும் தாராளம் இது.

இரண்டாவது, வி எப்படிக் கட்டப்பட்டவளாக இருந்தாலும் அவள் தலைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குள் ஐம்பது வருடத்துக்கு முன் செத்த பாடகன் ஜானி. கியானு ரீவ்ஸ் நடித்த பாத்திரம். அவன் அவளுடைய ஒவ்வொரு முடிவுக்கும் அபிப்பிராயம் சொல்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக அவளை அழித்து அவள் உடலில் தான் குடியேறிக்கொண்டிருக்கிறான். இதைப் பெண் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, எவெலின். என்னை இரண்டு இரவு தூங்கவிடாத பாத்திரம். கேளிக்கை விடுதியில் 'பொம்மை'யாக வேலை செய்தவள். வாடிக்கையாளன் விரும்பும் ஆளாக அவளை மாற்ற ஒரு சில்லு. வேலை முடிந்தால் எதுவும் நினைவிருக்காது. அதாவது, ஒவ்வொரு இரவும் வேறொருவன் அவளுக்குப் புள்ளி பங்கிடுகிறான். அதிலிருந்து வெளியேற அவளே திட்டமிட்டுப் பெரிய திருட்டொன்றை ஏற்பாடு செய்கிறாள். அது கைமீறுகிறது. அவளைச் சிதைத்து, விற்று, அந்த வாதையையும் பதிவுசெய்து வியாபாரமாக்குகிறார்கள். வி-யும் ஜூடியும் மீட்டுக் கொண்டுவந்த பிறகும் அவள் பிழைப்பதில்லை. வேறு விதமாக ஆடியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்று அக்கா மகளைக் கேட்டேன். "இல்லைங்க சின்னம்மா. எந்த பில்டுக்கும் முடியாது" என்றாள். அறிவு 20 இருந்தாலும், உடல் வலு 20 இருந்தாலும், அவள் செத்துதான் போவாள். அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே என் விமர்சனம் இதுதான். இந்த விளையாட்டு ஒரு பெண்ணுக்கு எல்லாத் தேர்வையும் கொடுத்து, அந்தத் தேர்வின் அருமையை நமக்கு உணர்த்த இன்னொரு பெண்ணுக்கு ஒரு தேர்வும் இல்லாமல் வைக்கிறது. ஒருத்தியின் ஜாலிக்கு இன்னொருத்தியின் சாவு பின்னணி. விதிவிலக்கான பெண்ணைக் கொண்டாடிவிட்டு மற்றவர்களை விதியிடம் விட்டுவிடுவது பழைய கதைசொல்லல்தான். எங்கள் ஊரில் கே.பி.எஸ்ஸைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களே, அடுத்த தெருப் பெண் தன் விருப்பத்துக்குத் துணை தேடினால் என்ன பேசுவார்கள் என்பது தெரியும். சைபர்பங்கில் பிறப்பைக்கூட நாம் தேர்ந்தெடுக்கலாம், நாடோடியா, தெருப்பிள்ளையா என்று. கொங்கு நாட்டில் பிறப்பைத் தாண்டித் தேர்ந்தெடுத்தவர்கள் கொடுத்த விலை நமக்குத் தெரியாததல்ல. கே.பி.எஸ். நடித்த நந்தனும் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது.

உடலைத் தேர்ந்தெடுக்கும் அந்தச் சுதந்திரமும் காசுக்குத்தான். டோனா ஹாராவே 1985இல் தன் சைபோர்க் அறிக்கையில், இயந்திரமும் உடலும் கலந்த உருவத்தைப் பெண்ணியத்துக்கான ஒரு வாய்ப்பாகப் பார்த்தார். நைட் சிட்டியில் அந்த வாய்ப்புக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. பலமான கைகள் வேண்டுமானால் பணம் கொண்டுவா. அதைத் தவணையில் வாங்கிய லேப்டாப்பில் ஆடுகிறோம்.

இந்த இடத்தில் 'வெண்பா'வையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டு, அடுத்த வருடம் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாயின் கதை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பிலிருந்து இட்லியும் புட்டும் செய்வதுதான் ஆட்டம். அதில் புள்ளி இல்லை, பில்டு இல்லை. வெண்பா யார் என்பது முடிவானது. நான் அழுதுகொண்டே ஆடினேன். ஆனால் நம்மைப் போன்ற ஒருத்தி திரையில் வரும்போது சமையலறையில் வருகிறாள், எதிர்காலத்தில் கதவு பெயர்க்கிறவள் வேறு யாரோவாக இருக்கிறாள். இது அந்த விளையாட்டின் குறையல்ல. இரண்டுக்கும் நடுவில் யாரும் இன்னும் செய்யாத விளையாட்டுகளின் வெற்றிடம் பெரிது.

ஜூனில் கல்லூரி திறந்ததும் இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். இற்செறிப்பு நடத்திய மறுநாள். ஐந்து குணங்களைப் பலகையில் எழுதி, ஆளுக்கு ஏழு புள்ளி என்றேன். தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் 'எது வேண்டும்', வலப்பக்கம் 'எது ஜாலி' என்று பங்கிடச் சொன்னேன். இடப்பக்கம் இரண்டு நிமிடத்தில் நிறைந்தது. அநேகமாக எல்லோரும் என்னைப் போலவே, குழம்பு ஊற்றும் கையால். வலப்பக்கம் நேரம் பிடித்தது. ஒருத்தி எழுந்து, "ஜாலின்னா எதுக்குங்க மிஸ்? யாருக்கு உபயோகம்?" என்று கேட்டாள். கிண்டலாக அல்ல. சிலர் வலப்பக்கத்தை வெறுமையாகவே கொடுத்தார்கள். கடைசி பெஞ்சில் மெலிந்த ஒரு பிள்ளை ஏழையும் உடல் வலுவில் வைத்து, கீழே சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: பஸ்ஸில் இடிக்கிறவனைத் தூக்கி ஜன்னல் வழியாக வைக்க, அப்புறம் கபடி ஆட.

அந்த 'அப்புறம்' எனக்கு முக்கியம். முதல் பாதி இன்னும் தற்காப்புதான், ஔவையின் வழி. இரண்டாம் பாதியில் அவள் விளையாடப் போய்விட்டாள். பெண்ணியம் முதல் பாதிக்காக நிறையப் பேசியிருக்கிறது, பேசியே ஆகவேண்டும். இரண்டாம் பாதியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறோம். வேண்டியது எது என்று மட்டுமே கேட்டுப் பழகியவளுக்கு, வேண்டியதையும் பிறரே முடிவுசெய்து தந்துவிடுவார்கள். எது பிடிக்கும் என்று தெரிந்தவளிடம் அது அவ்வளவு சுலபமல்ல.

ஊருக்குக் கிளம்பும் முன்தினம் அக்கா மகள் எனக்குப் புதிய ஆட்டம் தொடங்கிக் கொடுத்தாள். முந்தைய வி-யை நான் ஆடிய விதமும் அவளுக்குச் சிரிப்பு. அகப்பட்ட மருந்தையும் தோட்டாவையும் செலவழிக்காமல் 'இருக்கட்டும்' என்று சேர்த்தே வைத்திருந்தேன். இம்முறை கூலில் 3, வேகத்தில் 3, வலுவில் 1. கத்தி எறிகிறவள். கத்தி எறிவது பலமான வழியா என்று எனக்குத் தெரியாது. அக்கா மகனிடம் கேட்கவும் இல்லை. எறிந்த கத்தி சரியாகப் போய்க் குத்தும்போது வருகிற சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா எங்கள் பின்னால் வந்து நின்று பார்த்தாள். எழுபத்தொரு வயது. "இதெல்லாம் எதுக்கு சாமி, இந்த வயசுல?" என்றாள். கொஞ்ச நேரம் போகவில்லை. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கதவை ஒடைக்கிறவ எவ? அவளைப் போடு" என்றாள்.